பூச்சியுண்ணும் பூண்டும் டார்வின் பெருமகனாரும்

செடியைப் பூச்சி தின்னும் என்பது உழவர் முதலாக யாவரும் அறிந்த செய்தி. பூச்சியைச் செடி தின்னும் என்று ஒருவர் கூறுவாராயின், அவர் கூற்றை நாம் எளிதில் நம்பமாட்டோம். நம் தொல்காப்பியனார் மரபியலிலே உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகுப்பாக்கினார். புல்லும் மரமும் ஊற்றுணர்ச்சி ஒன்றே உடையனவாதலின் ஓரறிவுயிர் என முதற்கண் வைக்கப்பட்டன. சிதலும் எறும்பும் மூவறிவுயிர்களோடும், தும்பி நாலறிவுயிர்களோடும் எண்ணப்பட்டன. நாலறிவுடையது ஓரறிவுடையதைத் தின்னுதல் உலகியல். ஓரறிவுடைய பூண்டொன்று நாலறிவுடைய தும்பியைப் பற்றிக் கொன்று, தன் இலையின் மேலேயே செரித்து உண்ணுமாயின், அதனை எவ்வரிசையில் நிறுத்துவது? தமிழ் பயிலும் மாணவன் இவ்வினாவை எழுப்புதல் விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் ஏறக்குறைய இதே வினாவைத் தமக்குள் எழுப்பிக்கொண்டு, 15 ஆண்டுக்காலம் விட்டும் தொட்டும் அதற்கு விடை தேடிய பெரியார் ஒருவர் உண்டு. அவர்தாம் சார்லஸ் டார்வின். உயிர்களின் தோற்றம் பற்றிய கொள்கையால் அவர் பெயரை அறியாதார் இலர். அக்கொள்கையால் கற்றோர் உலகம் கொதித்துக்கொண்டிருந்த வேளையில், அவர் ஒரு சிறு பூண்டின்மேல் குனிந்திருந்தார் என்பதை அறிந்தவர் சிலரே.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் இராபர்ட் டார்வின் பேர்பெற்ற மருத்துவர். அன்னையாரை எட்டாம் வயதிலேயே இழந்தார். பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் மருத்துவர், கவிஞருங்கூட. செடிகொடிகளின் காதலைப் பொருளாகக் கொண்டு 1789-இல் அவர் வெளியிட்ட நெடும்பாட்டில், ஈயைப் பிடிக்கும் அமெரிக்கச் செடியொன்றும் இடம்பெற்றது. பூச்சிகள் தன்னை அரித்துவிடாதபடி காத்துக்கொள்ளவே அச்செடி அவற்றைப் பிடிக்கின்றது என்பது பாட்டனார் கருத்து. காவல் என்று பாட்டனார் கண்டதை ஊண் என்று பேரன் மெய்ப்பிக்க, முக்கால் நூற்றாண்டுக்கு மேல் செல்லவேண்டியிருந்தது.

குலத்தொழிலைக் கற்பிக்க எண்ணிய தந்தையார், 1825-இல் மைந்தரை எடின்பரோவுக்கு அனுப்பினார். மயக்கமருந்து வழங்காத காலம் அது. ஒரு குழந்தையின் உடலை அறுத்துச் செய்த மருத்துவத்தைக் காணப்பொறாது அவர் அறையைவிட்டு ஓடிவிட்டார்; அதன்பின் அவ்வழியே நாடவில்லை. மருத்துவம் ஆகாதெனவே, குருத்துவத்திற்குப் பயிலுமாறு கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள கிறைஸ்ட் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். ஆங்கு அவர் மனம் பற்றியது வேதநூலை அன்று, வண்டுகளை. ஒருநாள் பட்டுப்போன மரப்பட்டையைப் பெயர்த்தபோது அரிய வண்டுகள் இரண்டு கிட்டின. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். அந்நேரம் மூன்றாவதாக ஒரு புதுவண்டு தோன்றவே, அதனையும் விட மனமின்றி, வலக்கை வண்டை வாய்க்குள் இட்டுக்கொண்டார். அது நாவெரிய ஒரு நீரைப் பீச்சியது. துப்பிய வண்டும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. பிறிதோருயிரின் தற்காப்பு எத்துணை வலியது என்பதை அவர் நாவே முதலில் உணர்ந்தது போலும்! பிரித்தானியப் பூச்சிகளைப் பற்றிய நூலொன்றில், வண்டைப் பிடித்தவர் என்று தம் பெயர் அச்சேறக் கண்ட மகிழ்ச்சியை அவர் முதுமையிலும் மறந்தாரல்லர். கவிஞர்க்குத் தம் முதற்பாட்டு அச்சேறும்போது உண்டாகும் மகிழ்ச்சியோடு அதனை அவர் ஒப்பிட்டுள்ளார்.

தாவரநூற் பேராசிரியர் ஹென்ஸ்லோவின் பரிந்துரையால், பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. குருவாக வேண்டியவர்க்கு இஃது அடாத செயலெனத் தந்தையார் தடுத்தார்; மாமனார் ஜோசையா வெட்ஜ்வுட் பரிந்துபேசித் தடையை நீக்கினார். 1831 டிசம்பர் 27-ஆம் நாள் புறப்பட்ட கப்பல் 1836 அக்டோபரிலேதான் தாயகம் மீண்டது. அப்பயணத்தின் விரிவை ஈண்டுக் கூறப்புகின் கட்டுரை மிகும். எதனை எது தின்கின்றது என்று நோக்கும் பழக்கம் அவரிடம் அப்போதே வேரூன்றிவிட்டதைக் காட்ட இரண்டு செய்திகள் போதும்.

1832-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு ரியோ நகரின் அருகே தங்கியிருந்தபோது, வீட்டுத் தாழ்வாரத்தின் மூலைகளில் குளவிகள் மண்கூடு கட்டுவதை அவர் கண்டார். நம் வீடுகளிலும் குளவி இவ்வாறு கட்டுதலை யாவரும் அறிவோம். அக்கூட்டினுள் சிலந்திகளும் புழுக்களும் அடைக்கப்பட்டிருந்தன. அவை இறந்தனவும் அல்ல, உயிரோடு இயங்குவனவும் அல்ல. செயலறும்படி அளவறிந்து கொட்டப்பட்டு, குளவியின் குஞ்சு வெளிவந்து தின்னும்வரை அழுகாமற் கிடந்தன. குளவிக்கும் பெருஞ்சிலந்திக்கும் நடந்த போரொன்றையும் அவர் நின்று கண்டு எழுதிவைத்தார். தாய் தன் மகவுக்கு உணவு தேடும் அன்பும், அவ்வுணவு உயிரோடே தின்னப்படும் கொடுமையும் ஒரே கூட்டில் அடங்கியிருந்தன. அக்காட்சி பிற்காலத்தில் அவர் உள்ளத்தை எவ்வாறு உறுத்தியது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மற்றொன்று 1835 மார்ச்சு மாத இறுதியில் நிகழ்ந்தது. ஆண்டிசு மலையைக் கடந்து மெண்டோசா நகர்ப்பக்கம் சென்ற அவர், லுக்சான் என்னும் சிற்றூரில் இராத்தங்கினார். பெஞ்சூகா என்று அந்நாட்டார் வழங்கும் பெரிய கரிய பூச்சிகள் அவ்விரவில் அவர்மேல் ஊர்ந்து குருதி குடித்தன. நம் மூட்டைப்பூச்சியைப் போலவே உறிஞ்சுமுகம் உடையதாயினும், பெஞ்சூகா ஏறக்குறைய ஓர் அங்குல நீளம் உடையது. அருவருப்புக்கொண்டு அதனை நசுக்கியிருப்போம் நாம். அவரோ, பின்னர் இக்கீக்கே என்னும் துறையில் பிடிபட்ட பூச்சியொன்றின் ஊண் முறையை ஆராயத் தொடங்கினார். மேசைமேல் விடப்பட்ட அப்பூச்சி, சுற்றிலும் மனிதர் நின்றபோதும் அஞ்சாது, விரலை நீட்டியவுடன் உறிஞ்சியை நீட்டி விரைந்து பாய்ந்தது. குடிக்கையில் நோவு தோன்றவில்லை. தட்டையாக இருந்த உடல் பத்து நிமிடத்திற்குள் உருண்டையாகப் பருத்தது. கப்பலின் அலுவலர் ஒருவர் ஈந்த அந்த ஒரு விருந்து, அதனை நான்கு மாதம் கொழுக்க வைத்திருந்தது. எனினும் பதினைந்து நாள் கழிந்ததும் மீண்டும் உண்ண அது அணியமாகவே இருந்தது! இவ்வினப் பூச்சிகளின் எச்சத்தின் வழியாகக் கொடுநோயொன்று மக்களுக்குப் பரவுகின்றது என்பது, 1909-இல் கார்லோஸ் ஷாகஸ் என்னும் பிரேசில் மருத்துவரின் ஆராய்ச்சிக்குப் பின்னரே விளங்கலாயிற்று. டார்வினை வாழ்நாள் முழுதும் வாட்டிய வயிற்றுக்கோளாறும் சோர்வும் அவ்விரவின் விளைவோ என்று சில மருத்துவர் ஐயுறுகின்றனர், பிறர் மறுக்கின்றனர். வழக்கு இன்னும் தீரவில்லை.

1839 ஜனவரியில் அவர் தம் மாமன்மகள் எம்மாவை மணந்தார். 1842-இல் இலண்டன் நகரின் இரைச்சலை நீங்கி, கெண்ட் நாட்டு டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினார். அவ்வீடே அவருக்கு ஆய்வுக்கூடமும் உலகமும் ஆயிற்று. நாளொன்றுக்குச் சில மணிநேரமே உழைக்க உடல் இடங்கொடுத்தது. அச்சில மணிநேரத்தில் அவர் கண்டவற்றுள் ஒன்று அசுவினியைப் பற்றியது. செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் அப்பூச்சி, எறும்புக்கு இனிய நீரைத் தருவதை முன்னோரும் கண்டிருந்தனர். அது தானே தருகின்றதா, எறும்பு பறிக்கின்றதா என்று அறிய அவர் விரும்பினார். ஒரு செடியிலிருந்த பத்துப் பன்னிரண்டு அசுவினிகளிடமிருந்து எறும்புகளைச் சிலமணி நேரம் விலக்கி வைத்தார். உருப்பெருக்காடி கொண்டு நோக்கினார். ஒன்றும் நீர் விடவில்லை. எறும்பின் உணர்கொம்பு தடவுமாறு போல ஒரு மயிரால் மெல்லத் தடவினார், அப்போதும் விடவில்லை. பின் ஓர் எறும்பை அணுகவிட்டார். அது ஒவ்வொன்றாகத் தடவிச்செல்ல, ஒவ்வோர் அசுவினியும் வாலை உயர்த்தித் தெளிந்த துளியொன்றை ஈந்தது. பேரறிஞர் ஒருவர் மயிரொன்றைக் கையிற்கொண்டு எறும்பாக நடித்ததை எண்ணின் நமக்கு நகை தோன்றும். அவர் ஆராய்ச்சி முறையோ முழுதும் அவ்வாறே அமைந்தது.

1851 ஏப்ரல் 23-ஆம் நாள் அவருடைய மூத்த மகள் ஆனி, பத்தாண்டு நிரம்பிய சிறுமி, நோயுற்று இறந்தாள். அத்துயரம் அவரைவிட்டு என்றும் நீங்கவில்லை. அவ்வளவில் கிறிஸ்து சமயப் பற்றும் அவரை நீங்கியது. இதனை மறைத்து எழுதுவார் உளர், மறைத்தல் வரலாறாகாது. 1859 நவம்பர் 24-ஆம் நாள் உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெருநூல் வெளிப்பட்டது. அச்சிட்ட 1,250 படிகளையும் புத்தக வணிகர் உடனே கேட்டு வாங்கிக்கொண்டனர், போரும் மூண்டது. 1860 மே மாதம், அமெரிக்கத் தாவரநூற் புலவரும் உறுதியான கிறிஸ்தவருமாகிய ஏசா கிரே என்னும் நண்பர்க்கு எழுதிய மடலில் அவர் தம் நெஞ்சைத் திறந்துகாட்டினார். உயிருள்ள புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, தன் குஞ்சு அதனை உள்ளிருந்தே தின்று வளரவிடும் இக்நூமன் குளவியை, அருளும் ஆற்றலும் நிறைந்த இறைவன் கருதியே படைத்தான் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்றார். அதே மடலில், இவ்வியப்புக்குரிய உலகம் வெறும் குருட்டாற்றலின் விளைவென்றும் தம்மால் அமைதிகொள்ள முடியவில்லை என்றார். இப்பொருள் மனித அறிவுக்கு எட்டாத ஆழமுடையதென்றும் எழுதினார். எள்ளலோ செருக்கோ அம்மடலில் இல்லை. ரியோ நகரத்துத் தாழ்வாரத்து மண்கூட்டை நினையாமல் அதனைப் படிக்க இயலாது.

அடுத்த மாதம் ஆக்ஸ்போர்டு நகரில், பேராயர் வில்பர்போர்சும் ஹக்ஸ்லியும் மோதிய புகழ்பெற்ற வாதம் நடந்தது. நூலாசிரியர் அங்கில்லை, உடல்நலம் வேண்டி நீர்மருத்துவம் செய்துகொண்டிருந்தார். அதன்பின் ஜூலையில், சஸ்ஸெக்சு நாட்டு ஹார்ட்பீல்டு என்னும் ஊரில், மனைவியாரின் தமக்கையார் இல்லத்தில் குடும்பத்தோடு தங்கினார். மகள் ஹென்ரியெட்டாவும் அப்போது நோயுற்றிருந்தாள். அருகிலிருந்த கரம்பில் உலாவியபோது, சேற்றுநிலத்தில் படர்ந்திருந்த சிறு பூண்டொன்றின் இலைகளிற் பூச்சிகள் ஒட்டிக்கிடக்கக் கண்டார். எத்தனை என்று எண்ணாமல் இருக்க அவரால் இயலுமோ? பன்னிரண்டு செடிகளைப் பறித்தார். விரிந்த இலைகள் 56. அவற்றுள் 31-இல் பூச்சிகளோ அவற்றின் எச்சங்களோ காணப்பட்டன.

அப்பூண்டின் பெயர் டிரோசீரா. ஞாயிற்றின் பனி என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலர் அதனை அழைப்பர்; நாம் பனிப்பூண்டு என்போம். காசளவான வட்ட இலை. அதன்மேல் செந்நிற மயிர்கள் நிற்கும். ஓர் இலையில் சராசரி 192 என்று அவர் எண்ணிக் கணித்தார். மயிர்தோறும் நுனியில் சுரப்பி. சுரப்பிதோறும் வெயிலிலும் உலராத பசைத்துளி. அம்மின்னலை நறவென மயங்கி வந்த சிற்றுயிர் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மயிர் உள்நோக்கி வளையும். ஒட்டாத மயிர்களும் செய்தி கேட்டாற்போல ஒவ்வொன்றாக வளைந்து மேலே கவியும். பச்சை இறைச்சித் துணுக்கு வைக்கப்பட்ட மயிரொன்று பத்து விநாடியில் அசையத்தொடங்கி, ஐந்து நிமிடத்தில் நன்கு வளைந்து, அரைமணியில் இலைநடுவை அடைந்ததும் உண்டு. இரு இலைகளுக்கிடையே பெருந்தும்பியொன்று சிக்கி உயிரோடு கிடந்ததைக் குருவானவர் ஒருவர் கண்டு டார்வினுக்கு அறிவித்தார். தும்பி என்னும் சொல்லை வண்டு எனக் கொள்ளினும் தட்டான் எனக் கொள்ளினும், இப்பூண்டின்முன் இரண்டிற்கும் கதி ஒன்றே! இக்குடும்பத்துப் பூண்டுகள் நம் நீலகிரி, பழனி மலைகளின் ஈரப் புல்வெளிகளிலும் உண்டு. ஒதுங்கி நின்று நோக்குவார்க்கு அவை காட்சி தரும்.

நோயும் ஏச்சும் சூழ்ந்த அக்கோடையில், இப்பூண்டு அவரை முழுதும் ஆட்கொண்டது. கணவர் அதனை உயிருள்ள விலங்கு போலவே பேணுகின்றார், ஈற்றில் அதனை விலங்கென்றே நிறுவிவிட எண்ணுகின்றார் போலும் என்று எம்மா அம்மையார் தோழியொருத்திக்கு நகைச்சுவையாக எழுதினார். அவ்வாண்டு நவம்பரில், உலகத்து உயிரினங்கள் எல்லாவற்றின் தோற்றத்தைக் காட்டிலும் பனிப்பூண்டின்மேலேயே தமக்குக் கவலை மிகுதி என்று டார்வினே லையல் என்னும் நண்பர்க்கு எழுதினார். உலகத்தார் அவரைக் கேட்டது, கொடுமை ஏன் உண்டாயிற்று என்பது போன்ற பெருவினா. விடைகாண இயலாத அதனை அவர் சிறிது ஒதுக்கிவைத்தார். இவ்விலை உண்மையாகவே உண்கின்றதா என்னும் சிறுவினாவைக் கைக்கொண்டார். இதனைக் கோழைமை என்பார்க்கு நாம் உடன்படோம்.

அச்சிறுவினாவும் எளியதன்று. அமெரிக்க ஈப்பொறிச் செடியின் இலை, பூச்சியை உணவுக்காகவே பிடிக்கின்றது என்று ஜான் எல்லிஸ் என்னும் வணிகர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கருதி, சுவீடன் நாட்டு லின்னேயஸ் பெருமகனார்க்கு எழுதினார். லின்னேயஸ் ஏற்கவில்லை. தொட்டாற்சுருங்கி போல அதுவும் சுருங்குகின்றது. மீண்டும் விரியும்போது பூச்சி தப்பிச்செல்லும் என்று அவர் கொண்டார். அவர் சொல்லுக்கு மறுசொல் அரிது. ஒட்டுதல் வேறு, உண்ணுதல் வேறு. தார் பூசிய தாளிலுந்தான் ஈ ஒட்டுகின்றது. ஆதலின் டார்வின் இலைக்குப் பலவகை உணவிட்டுச் சோதித்தார். பால், முட்டையின் வெண்கரு, இறைச்சிச்சாறு முதலாக நைட்ரஜன் கலந்த நீர்மங்களை 64 இலைகளில் இட்டார். 63 இலைகள் மயிர்வளைத்து ஏற்றன. சர்க்கரைநீர், பிசின், கஞ்சி, எண்ணெய், தேநீர் முதலான நைட்ரஜன் இல்லாதவற்றை 61 இலைகளில் இட்டார், ஒன்றும் அசையவில்லை. சேற்றுநிலத்தில் நைட்ரஜன் உரம் மிகக் குறைவு. வேர் பெறமாட்டாத ஒன்றையே இலை தேடுகின்றது என்பது இதனாற் போதரும். குழந்தைகள் விரும்பும் சர்க்கரையைத் தள்ளி, பாலைத் தேர்ந்துகொண்ட அவ்விலையை ஓரறிவுயிர் என்று சொல்ல நாம் சிறிது தயங்கவே வேண்டும்.

ஊற்றுணர்ச்சியின் நுட்பமோ அவரையே திகைக்கச் செய்தது. மனிதர் தலைமயிரில் ஒரு மில்லிமீட்டரின் ஐந்திலொரு பங்கு நீளத் துணுக்கு; எடை 0.000822 மில்லிகிராம். நாவின்மேல் வைத்தாலும் நாம் உணராத அத்துணுக்கு, சுரப்பியைத் தொட்டவுடன் மயிர் வளைந்தது. ஆனால் பெருமழைத்துளி வீழ்ந்தால் அது வளைவதில்லை. மழைக்கெல்லாம் வளைந்துகொண்டிருப்பின் செடிக்கு ஓய்வேது? அம்மோனியா பாஸ்பேட்டு என்னும் உப்பு, ஒரு கிரெயின் எடையில் ஏறத்தாழ இரண்டு கோடியில் ஒரு பங்கு சுரப்பிக்குள் சென்றதும் மயிர் வளைந்தது. ஒரு கிரெயின் என்பதே 65 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. தம் கணக்கைத் தாமே நம்பாது, அவர் மீண்டும் மீண்டும் நிறுத்தும் கரைத்தும் பார்த்தார். கல்கத்தாவிற் பணிபுரிந்து பாம்பு நஞ்சுகளை ஆராய்ந்த மருத்துவர் பெய்ரர், உலர்ந்த நல்லபாம்பின் நஞ்சை அவருக்கு உதவினார். அதனையும் இலைக்கு ஊட்டினார் டார்வின். விலங்கைக் கொல்லும் அந்நஞ்சு பூண்டைக் கொல்லவில்லை; நல்லுணவு போல மயிர்களை விரைந்து வளையச்செய்தது. விலங்கைப் போல உண்ணும் பூண்டு, விலங்கைப் போல நரம்புடையதன்று என்னும் எல்லைக்கோடு இங்கே தெரிகின்றது.

வேறு வேலைகளால் இடையில் நின்றுபோன இவ்வாராய்ச்சியை 1872-இல் அவர் மீண்டும் தொடங்கினார். இம்முறை செரிமானத்தை நோக்கினார். அவித்த முட்டையின் வெண்கருவை ஓர் அங்குலத்தில் இருபதிலொரு பங்கு அளவான சிறு கட்டிகளாக நறுக்கி இலைமேல் வைத்தார். ஒப்புநோக்க, அதேபோன்ற கட்டிகளை ஈரப்பாசிமேலும் வைத்தார். பாசிமேல் இருந்தவை கூர்முனை மாறாது கிடந்து அழுகத் தொடங்கின. இலைமேல் இருந்தவற்றின் முனைகள் முதலிற் கரைந்து உருண்டன; பின் முழுதும் தெளிந்த நீராயின; அந்நீரையும் இலை உறிஞ்சிக்கொண்டது. சுரப்பிநீர் அப்போது புளிப்புத்தன்மை பெற்றிருந்தது. காரம் கலந்து புளிப்பை முறித்தபோது செரிமானம் நின்றது. மீண்டும் அமிலம் சேர்த்தபோது தொடர்ந்தது. நம் இரைப்பைநீரும் இவ்வாறே தொழிற்படுகின்றது. குருத்தெலும்பையும் அது செரித்தது. கொழுப்பையும் மாவையும் தொடவில்லை. புளிப்பும் நொதியும் கலந்த நீரை விலங்கைப் போல ஒரு செடியும் சுரக்கின்றது என்று கண்டதை, தம் வாழ்வின் குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பாக முதுமையில் அவர் தம் வரலாற்றில் எழுதிவைத்தார்.

அறிஞர் பலர் அவர்க்குத் துணைநின்றனர். 1873-இல் பர்டன் சாண்டர்சன், ஈப்பொறிச் செடியின் இலை மூடும்போது மின்னோட்டம் எழுவதை அளந்து காட்டினார். 1874-இல் ஜோசப் ஹூக்கர், குடுவைச் செடிகளின் நீரும் ஊனைச் செரிக்கின்றது என்று பெல்பாஸ்டு நகரப் பேரவையில் எடுத்துரைத்தார். போர்த்துக்கல் நாட்டு ஒப்போர்ட்டோ நகரப்பக்கத்துச் சிற்றூரார், பசைபொருந்திய ஒருவகைச் செடியை ஈப்பிடிப்பதற்காகக் குடிசைகளில் தொங்கவிடுகின்றனர் என்னும் செய்தியும் அவர்க்கு எட்டியது. அறிஞர் ஐயுற்ற ஒன்றைக் குடியானவர் வீட்டுப் பொருளாக்கிவிட்டனர்! அமெரிக்காவில் நியூஜெர்சி நாட்டிலிருந்த மேரி டிரீட் என்னும் பெண்மணியார், நீர்ப்பைச் செடியைப் பொறுமையோடு நோக்கித் தாம் கண்டவற்றை எழுதியனுப்பினார். அவற்றை டார்வின் தம் நூலில் நன்றியோடு எடுத்தாண்டார். அச்செடியின் பைக்குள் நீர்ப்பூச்சிகள் தாமே தலையால் முட்டித்தள்ளிப் புகுகின்றன என்பது டார்வினின் முடிவு. அது பிழையென இன்று அறிவோம். பையே ஒரு விநாடியின் ஆயிரத்தொரு பங்களவான நேரத்தில் வாய்திறந்து, நீரோடு பூச்சியை உள்ளே இழுத்துவிடுகின்றது. அத்துணை விரைவைக் காணும் கருவி அக்காலத்தில் இல்லை.

பூச்சியுண்ணும் செடிகள் என்னும் நூல் 1875 ஜூலையில் வெளிவந்தது. அதன் 18 இயல்களுள் முதற் 11 இயல்கள் அவ்வொரு பனிப்பூண்டைப் பற்றியனவே. படங்களை மைந்தர் ஜார்ஜும் பிரான்சிசும் வரைந்தனர். எனினும் எதிர்ப்பு அடங்கவில்லை. பூச்சியின்றியும் இச்செடி நன்கு வளர்கின்றதே, அவ்வாறாயின் ஊனால் என்ன பயன் என்று கேட்டனர் எதிர்ப்பாளர். செடி உண்கின்றது என்று காட்டிய தந்தையார், உண்டதனால் அதற்கு ஊதியம் உண்டு என்று காட்டினாரல்லர். அக்குறையை மைந்தர் பிரான்சிஸ் நிரப்பினார். செடிகளை இருபாலாக்கி, இருபாலையும் பூச்சி நுழையாத துணியால் மூடி, ஒருபாலுக்கு மட்டும் வறுத்த இறைச்சியின் நுண்துணுக்குகளை ஊட்டினார். இலையளவில் வேறுபாடு பெரிதன்று, விதையிலேதான் வேறுபாடு. உண்ணாத செடிகள் 100 விதை ஈந்தால் உண்டவை 241 ஈந்தன. இம்முடிவு 1878-இல் வெளிவந்தது. தந்தை தொடுத்த வழக்கை மைந்தர் வென்று கொடுத்த இச்செய்தி, இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் இனியது.

அவர் இறுதிநாட்களைப் பற்றி, நம்போன்ற கல்லூரிகளில் வழங்கும் கதையொன்றைச் சொல்லாமல் விடலாகாது. மரணப்படுக்கையில் அவர் தம் கொள்கையைக் கைவிட்டு மனந்திரும்பினார் என்று ஹோப் சீமாட்டி என்பார் கூறியதாக 1915-இல் அமெரிக்கக் கிறிஸ்தவ இதழொன்று வெளியிட்டது. இறுதிநோயின்போது உடனிருந்த மகள் ஹென்ரியெட்டா, அச்சீமாட்டி அவ்வேளை அங்கு வரவேயில்லை என்று 1922-இல் எழுதி மறுத்தார். ஓர் இலைமேல் விழுந்த உப்பைக் கோடியிலொரு பங்குவரை நிறுத்தறிந்து உண்மை சொன்னவர்க்கு, நிகழாத ஒன்றை ஏற்றிக்கூறுதல் நம் சமயத்திற்குப் பெருமை தராது. நிகழ்ந்தவை போதும். டவுன் ஊர்க்குருவானவர் அவர்க்கு நெடுநாள் நண்பர்; ஊர் ஏழைத்தொழிலாளரின் உதவிச்சங்கக் கணக்கை அவர் பல ஆண்டு பார்த்துவந்தார்; தீயெரா தெல் பூவேகோ மக்களிடையே கிறிஸ்தவ ஊழியர் செய்த தொண்டு தாம் எதிர்பாராத நன்மை விளைத்தது என்று ஒப்புக்கொண்டு, தென்னமெரிக்க மிஷன் சங்கத்திற்குப் பொருளுதவியும் செய்தார். இறைவனைப் பற்றி உண்டென்றும் இலதென்றும் துணியமாட்டாதவராகவே 1882 ஏப்ரல் 19-ஆம் நாள் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தினுள்ளே 26-ஆம் நாள் அடக்கஞ்செய்யப்பெற்றார்.

அவர் நூலில் மற்றுமொரு செடி இடம்பெற்றுள்ளது. ரோரிடூலா என்பது அதன் பெயர். தென்னாப்பிரிக்காவின் கேப் நிலத்தது. கியூ தோட்டத்திலிருந்து வந்த உலர்ந்த கிளையே அவர்க்குக் கிடைத்தது. அதன் பசைமயிர்களிற் பல பூச்சிகள் ஒட்டியிருந்தன. அதனையும் பூச்சியுண்ணும் செடிகளோடு சேர்த்தார். பிற்காலத்தார் அதன் இலையை ஆராய்ந்து, பிடித்த ஊனைச் செரிக்கும் நீர் அதனிடம் இல்லையென்று கண்டு, அதனைப் பட்டியலினின்று நீக்கினர். ஆயினும் அச்செடிமேல் மூட்டைப்பூச்சிக்கு உறவான சிறுபூச்சியொன்று, பசையில் ஒட்டாமல் ஓடித்திரிகின்றது. செடி பிடித்துவைத்த பூச்சிகளின் உடலில் அது தன் உறிஞ்சியை ஊன்றிக் குடிக்கின்றது. குடித்தபின் இலைமேல் எச்சமிடுகின்றது. அவ்வெச்சத்தின் நைட்ரஜனை இலை உறிஞ்சிக்கொள்கின்றது என்று 1996-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. செடி வலைவிரிக்கின்றது, பூச்சி உண்கின்றது, செடி வளர்கின்றது. உலர்ந்த கிளையின்மேல் அப்பூச்சி ஓடியிருக்க இயலாது. லுக்சான் சிற்றூரில் ஓரிரவு குருதிகொடுத்த டார்வின் அதனைக் கண்டிருந்தால் இனமறிந்திருப்பார்.